நிலுவை

கொள்ளுப்பிட்டி ஹோட்டலின் ஆறாம் மாடி.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்,
காதில் இரண்டு கறுப்புக் கிண்ணங்கள்.
'நிலைபேறான அபிவிருத்தி' என்று
காலையிலிருந்து பதினெட்டுத் தரம் சொல்லியாயிற்று.
பத்தொன்பதாவது தரம் நாக்கு இடறி
'நிலுவையான' என்று விழுந்தது.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
வவுனியாக் கூட்டுறவுச் சங்கத்துக்காரர் மட்டும்
கொப்பியில் அப்படியே எழுதிக்கொண்டார்.

தடைகள் ஏழு, என்றார் நிபுணர்.
ஊழல், திறன் குறைவு, பலவீனமான நிறுவனங்கள்...
ஏழும் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தன.
வாசலால் வந்தது ஒன்றும் பட்டியலில் இல்லை.

லுசாகாவிலிருந்து வந்த முத்தலே எழும்பினாள்.
"எங்கள் மந்திரிமாரும் யோக்கியர் இல்லை.
ஆனால் ஒப்பமிட்ட பேனை மட்டும்தான் எங்களுடையது.
தாள் வேறிடத்தில் அச்சானது."

பிறகு தண்டவாளம் பற்றிச் சொன்னாள்:
சுரங்கத்தில் தொடங்கித் துறைமுகத்தில் முடியுமாம்.
நடுவில் இருக்கும் ஊர்களுக்கு அது
வெறும் சத்தம்.
இதைத் தமிழாக்கும்போது என் குரல்
பதுளை ரயிலில் ஏறிவிட்டது,
இறக்க மாட்டாமல் தவித்தேன்.
செம்பு மண்ணாய்ப் போகும், கம்பியாய்த் திரும்பும்.
மழை பொய்த்த வருஷம்
விதைச் சோளத்தை அரைத்துக் களி கிண்டினார்கள்.
அறிக்கையில் அதற்குப் பெயர்
சீராக்கம்.

நிபுணர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
இடைவேளை.
எங்கள் மலைத் தேயிலை
எங்கேயோ கட்டிய காகிதப் பையில்
நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

பின்னேரம் காலிமுகத்திடல்.
இறால் வடையின் உறைப்புக்குக் கண் கலங்கியபடி
கடலை நிரப்பி எழுப்பிய நிலத்தைக் காட்டி
"அது ஆருடையது?" என்றாள்.
குத்தகை, என்றேன்.
எத்தனை வருஷம்?
தொண்ணூற்றொன்பது.
எண்ணெய் விரல்களை மடக்கிப் பார்த்தாள்,
பேரப்பிள்ளைகள் வரைக்கும் போய்
விரல் போதாமல் விட்டுவிட்டாள்.

"உங்கள் மொழியில் கடனுக்கு என்ன சொல்?"
கடன்தான். கடமைக்கும் அதே சொல், என்றேன்.
"அப்படியென்றால் நல்ல வசதி," என்று சிரித்தாள்,
"வாங்கியவனை அதட்ட ஒரே சொல் போதும்."

காற்று பட்டங்களை இழுத்தது.
வத்தளை பஸ்ஸுக்குச் சில்லறை தேடினேன்.
போன மாசிக் கருத்தரங்கு,
வறுமை ஒழிப்பு, மூன்று நாள்,
எனக்கு இன்னும் காசு வரவில்லை.