ஏழு ‘லை’

கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
காதர் மொய்தீன் அச்சுக்கூடத்தில்
‘லை’ மொத்தம் ஏழு.
துதிக்கை தூக்கிய பழைய ‘லை’.
ஒன்றுக்கு மட்டும் துதிக்கை நுனி ஒடிந்திருந்தது.
எங்கே விழுந்தாலும் அதை எனக்குத் தெரியும்.

பகலில் தாலுகா ஆபீஸ் வேலை.
கலவரம் எங்கும் இல்லை.
தானியத்துக்குத் தட்டுப்பாடு இல்லை.
யுத்த நிதி கொடுத்துக் கெட்டவன் இல்லை.
வதந்தியை நம்புவோர்க்கு ஆறு மாதம்.

மாலையில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி
எழுத்தைப் பிரித்து அறையறையாய்ப் போடுவேன்.
‘லை’யை மட்டும் மடியில் முடிந்துகொள்வேன்.
ஜன்னலுக்குச் சாக்கு கட்டி,
சிம்னியைத் தணித்து,
ராத்திரியில் கோத்த ‘விடுதலை’க்கெல்லாம்
சர்க்காரின் ‘இல்லை’யில் உருவிய எழுத்து.

வாசகம் கொண்டுவருபவர்
புளிமண்டிக் கணக்கர் கோவிந்தப்பா.
பீடிக் காகிதத்தின் பின்புறம், பென்சிலில்:
‘பர்கூர்ச் சந்தையில் தடியடி.
மண்டை பிளந்து மாண்டான் திம்மராயன்.
ரத்தம் ஆறாய் ஓடியது.’

ஆறா? என்றேன்.
அந்தச் சந்தையில்
மாடு வாய் நனைக்கத் தண்ணீர் கிடையாதே.

நீ கோப்பா, என்றார்.

புளிமூட்டைக்குள் செருகி அனுப்பினோம்.
மூன்றாம் நாள் சூளகிரியில் கடையடைப்பு.
ராயக்கோட்டைப் பக்கம் தந்திக்கம்பி அறுந்ததாம்.
கிஸ்தி கட்ட வரிசையில் நின்றவர்கள்
பாதியில் திரும்பிப் போனார்களாம்.
உண்மை என்று நாங்கள் அடித்த எதற்கும்
ஒரு நாய்கூட எழுந்து நின்றதில்லை.

நாலாம் ராத்திரி
பின்கதவைத் தட்டினான் திம்மராயன்.
மண்டையில் ஐந்து தையல்.

‘அண்ணா, மாமியார் வீட்டுக்காரங்க
வாய்க்கரிசியோட வந்து உட்கார்ந்திருக்காங்க.
என்ன பண்ணட்டும்?’

கோவிந்தப்பா வெகுநேரம் மூக்குப்பொடி தேடினார்.
பிறகு சொன்னார்:
கொஞ்ச நாளைக்குச் செத்திரு.

அவனுக்குப் படிக்கத் தெரியாது.
தாளை நான்தான் படித்துக் காட்டினேன்.
‘மாண்டான்’ வந்ததும் நிறுத்தச் சொன்னான்.
இன்னொரு தரம், என்றான்.
கேட்டுவிட்டு, நல்லா எழுதியிருக்கு, என்றான்.
இரண்டு படி கேழ்வரகு மாவோடு
அஞ்செட்டிக் காட்டுக்குப் போனான்.

இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடியோடு வந்தார்.
பகல் தாள் ஒரு கையில், ராத்தாள் ஒரு கையில்.
இரண்டிலும் அதே ஒடிந்த துதிக்கை.
அடிக்கவில்லை அவர்.
முதலாளியின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
களைத்த குரலில் கேட்டார்:
‘ரெண்டையும் கோத்தவன் நீ.
எதில் பொய் குறைச்சல், சொல்லு.’

ஆறு மாதம் ஜெயிலில்
களி தின்றபடி யோசித்தேன்.
வதந்திக்குப் போட்ட அதே ஆறு மாதம்.

கொடி மாறி,
சந்தை முகப்பில் கல் நட்டார்கள்.
அதில் திம்மராயன் பேர்.
அவனே கூட்டத்தில் நின்று கைதட்டினான்.
தியாகிக்குக் கொடுக்கும் நிலம் கேட்டுப் போனபோது
குமாஸ்தா பேரேட்டைப் புரட்டிச் சொன்னான்:
செத்தவருக்கு இல்லை.
பெண்டாட்டிக்கு உண்டு. அவளை வரச் சொல்.
அவள் அந்த மழைக்காலத்திலேயே போய்ச் சேர்ந்திருந்தாள்,
நிஜமாகவே.

என்னிடம் வந்தான்.
‘அன்னைக்குப் போட்ட மாதிரி ஒண்ணு போட்டுக் கொடுண்ணா.’

திம்மராயன் சாகவில்லை.
இதற்கு ஒரு ‘லை’ போதும்.
ஒடிந்ததையே எடுத்துக் கோத்தேன்.
இருநூறு தாள். கூலி வாங்கவில்லை.

பர்கூரில் அவன் கையாலேயே கொடுத்தான்.
வாங்கியவர்கள் அவனைப் பார்த்தார்கள்,
கல்லைப் பார்த்தார்கள்,
தாள் கொஞ்சம் கெட்டியாக இருக்கவே
புளி மடிக்க வைத்துக்கொண்டார்கள்.