ய்

ருவைஸ். ஷட்டவுன் தொடங்கிப் பதினோராம் இரவு.
ஸ்டோர் ஜன்னலுக்குள் கை நீட்டினான் ஊவே:
"ஹாண்ட்ஷூ."
ஹாண்ட் கையாம், ஷூ செருப்பாம்.
கைக்குச் செருப்பா என்று சிரித்துவிட்டேன்.
பின்னால் நின்ற லூர்துராஜ் சிரிக்கவில்லை.
கொதிக்கிற பைப் மேல்
கையால்தான் நடக்கிறான் அவன்.

சரக்குச் சீட்டின் முதுகில்
ஷூவுக்கு வம்சாவளி வரைந்தான் ஊவே.
தகப்பன், பாட்டன், பூட்டன்,
உச்சியில் ஒரு கேள்விக்குறி:
மூடுவது, போர்த்துவது என்று பொருளாம்.
"படித்ததுதான், சத்தியம் செய்யமாட்டேன்."

அப்படியென்றால் அது உறை.
காலுக்குப் போவதற்கு முன்னால்
வெறும் உறை.
இத்தனை சுற்றி
என் கவுண்டருக்கே வந்து நிற்கிறது.

எழுதிக் காட்டினேன்.
இது கை. இது உறை.
"நடுவில் இது யார்?"

இரண்டு வீட்டிலும் பிறக்காதது.
முட்டிக்கொள்ளாமல் சேர்த்துவைக்க வந்தது.
பிரித்தால் போய்விடும்.

"விசா முடிஞ்சா?" என்றான் லூர்துராஜ்.

ஆளுக்கொரு ஜோடி கொடுத்தேன்.
பதிவேட்டைத் திருப்பி வைத்து
கையெழுத்து வாங்கினேன்.

அதிலும்
நின்றுகொண்டிருந்தது.