நண்டுப் பெட்டி

அடைக்கோழியைக் கீரி கொண்டுபோன மறுநாள்
கம்பெனியில் கழித்துப்போட்ட தெர்மாகோல் பெட்டியைக்
கேட்டு வாங்கிவந்தேன்.
ஐஸ்கட்டியை மதுரைவரை காத்த பெட்டி
சூட்டைக் காக்காதா?

குண்டு பல்பு கேட்டால்
மண்டபம் கடைத்தெருவே சிரிக்கிறது.
"அதையெல்லாம் இப்ப யாருக்கா போடுறா?"
வெளிச்சத்துக்கு இல்லை தம்பி, சூட்டுக்கு.

பதினான்கு முட்டை.
ஒருபக்கம் 'கா', மறுபக்கம் 'மா'
பென்சிலால் எழுதினேன்.
காலையில் கா மேலே, மாலையில் மா.
முப்பத்தேழரை தாண்டினால்
மூடியில் ஒரு துளையைத் திறப்பேன்,
குறைந்தால் பஞ்சால் அடைப்பேன்.
ஏழாம் நாள் செல்போன் வெளிச்சத்தில்
ஓட்டுக்குள் கால் விரித்துக் கிடந்தது
சிவப்பாய் ஒரு நரம்பு நண்டு.
மூன்றில் எதுவுமில்லை. எடுத்துவிட்டேன்.

திருப்புவதை நிறுத்திய மறுநாள் இரவு
கச்சான் காற்றில் கம்பி அறுந்து
ஊரே இருண்டது.
சர்பத் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி
துணி சுற்றி உள்ளே வைத்தேன்.
ஆறுவதும் மாற்றுவதுமாய்
ஐந்து தடவை அடுப்பு.
"கோழிக்கே இவ்வளவு பாடு இல்லையே மதினி"
பக்கத்து வீட்டிலிருந்து பிரகாசி.

விடியுமுன்
பெட்டியில் காதை வைத்தேன்.
எத்தனை கழுவியும் போகாத நண்டு வாடை.
எந்த முட்டை என்று தெரியவில்லை,
உள்ளேயிருந்து
ஒன்று
என்னை அதட்டியது.