மூன்று மணிக்கு ஒரு புளியமரம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
பதினொன்றரைக்குச் சாப்பாட்டு இடைவேளை.
சூப்பைத் திறக்கமுன்
டோரீன் ஒரு கடதாசியை விரித்தாள்.
மருமகள் மைசூரில் யோகா படிக்கிறாளாம்,
பங்குனியில் இவளும் போகிறாள்.
பத்து நாளில் ஒரு நாள் மட்டும் இவள் கையில்.
"ஸ்ரீரங்கப்பட்டணம். ஆற்றுக்கு நடுவில் ஊர்.
உன் பக்கம்தானே நெஸ், ஒரு பிளான் போட்டுத் தா."

என் பக்கம்.
இந்தியாவில் நான் இருந்தது
சென்னை விமான நிலையத்தில் ஏழு மணித்தியாலம்.
ஒரு கதிரை, ஆறிப்போன ஒரு வடை.
ஆறென்றால், யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கிணறுதான்.
காவிரியைப் பத்து மார்க்குக்குப் பாடமாக்கினேன்,
எட்டுக் கிடைத்தது.
இதையெல்லாம் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
வந்தது,
"ஓம், அதுக்கென்ன."

இரவு, மைனஸ் முப்பத்தொன்று.
சஸ்கட்டூன் முழுக்கக் கதவடைத்துக் கிடந்தது.
பதினாறு வருஷமாக பஸ்ஸிலிருந்து பார்க்கிற ஆறு
வெளியே எங்கோ கல்லாகிக் கிடந்தது.
குசினி மேசையில் போனை வைத்து
அந்தத் தீவை இரண்டு விரலால் அகட்டினேன்.
வந்து முட்டிய காவிரி
காணிச் சண்டை பிடித்த அண்ணன் தம்பி மாதிரி
ஆளுக்கொரு பக்கத்தால் போய்
கீழ்மூலையில் ராசியாகிவிடுகிறது.

ஏழரை: மைசூர் ஸ்டேஷன். ஜன்னல் பக்கம் இரு, பாலம் வரும்.
எட்டரை: ரங்கநாதர். செருப்பைக் கழற்று.
கல் சுடும் என்று எழுதிவிட்டு
சுடுமா என்று யோசித்தேன்.
பங்குனி. சுடும்.
பெருமாள் படுத்திருப்பார், அது சுகவீனமல்ல.
பத்தரை: திப்புவின் கோடை மாளிகை. சுவர் முழுக்கச் சண்டை.
யானைகளை எண்ணாதே, நேரம் போய்விடும்.
ஆட்டோக்காரர் சொல்வதில் பாதி சொல்.
பிறகு நட. நொண்டாமல் நட.
ஒரு மணி: தயிர்சாதம்.

அதற்குப் பிறகு ஒரு ஓட்டை.
கோயில் நடை சாத்தியிருக்கும்,
வெயில் உச்சியில் நிற்கும்,
அறுபத்துமூன்று வயது முழங்காலை
எங்கே கொண்டுபோய் வைப்பது?
படத்தில் சங்கமப் படிக்கட்டுக்கு இடப்பக்கம்
பச்சையாக ஒரு பொட்டு. பாசியாகவும் இருக்கலாம்.
எழுதினேன்:
மூன்று மணி. பெரிய புளியமரம். அதன் கீழே இரு.

காலையில் கௌசலா வாசித்துவிட்டு
"நீங்கள் எப்ப அங்க போனனீங்கள்?" என்றாள்.
நான் சப்பாத்துக்கு லேஸ் கட்டினேன்.

சித்திரையில் டோரீன் வந்தாள்.
மூக்கு உரிந்து, எனக்கு மூன்று சந்தனச் சவர்க்காரம்.
ரயிலை விட்டுவிட்டாளாம்.
யானைகளை எண்ணினாளாம், இரண்டு தரம்.
"ஆனால் நெஸ், உன் மரம்..."

இடப்பக்கம் மரமே இல்லை.
தேத்தண்ணிக் கடைக்காரரிடம் கடதாசியை நீட்டியிருக்கிறாள்.
அவர் எழுத்துக்கூட்டி வாசித்து,
ஆற்றைப் பார்த்து,
இவள் முழங்காலைப் பார்த்து,
"இருந்தது மேடம். வெள்ளத்தில் போய்விட்டது" என்றாராம்.
நின்ற இடத்தையும் காட்டினாராம்.
அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு,
குடை விரித்து,
நாலரை வரைக்கும் காசு வாங்காமல் தேத்தண்ணி.
"உனக்கு எப்படிச் சொல்வதென்று
வழியெல்லாம் யோசித்தேன்" என்று
என் தோளில் கை வைத்தாள்.

உலர்த்தி மணியடித்தது.
சூடான படுக்கைவிரிப்பின் இரண்டு முனை அவளிடம்,
இரண்டு முனை என்னிடம்.
நடந்து கிட்ட வந்து மடித்தோம்.
"பெரிய மரம்" என்றேன்.
"அப்படித்தான் அவரும் சொன்னார்" என்றாள்.

அடுத்த தைக்கு லீவு கேட்டிருக்கிறேன்.
கோயில் பார்த்தாலும் பார்ப்பேன், பார்க்காமலும் விடுவேன்.
அந்த ஆளைப் பார்க்கவேணும்.
பிளானில் ஒரு வரிதான் இருக்கிறது:
மூன்று மணி. தேத்தண்ணி.