நீல டிரம்

பதினோரு நாளைக்கு ஒருமுறை
நொய்யலுக்குத் தெற்கே லைன் வீடுகளில்
குழாய் மூச்சு விடும்.
முதலில் காற்று, பிறகு துரு,
பிறகுதான் தண்ணீர்.

அதைத்தான் நான் கொட்டச் சொல்ல வேண்டும்.

டார்ச் அடித்ததும்
வெளிச்சத்துக்கு அஞ்சி
நெளிந்து அடிக்கு இறங்குகின்றன புழுக்கள்.
"பாருங்கக்கா" என்றேன்.
"பாத்துட்டனுங்" என்றாள் ருக்குமணி,
"நைட் ஷிப்ட் முடிச்சு, நின்னு புடிச்ச தண்ணிங் அது."

ஒரு நாளைக்கு ஐம்பது வீடு என் கணக்கு.
ஃபிரிட்ஜின் முதுகு, ஆட்டாங்கல் குழி,
மொட்டைமாடி டயர்,
யாரும் என்னுதென்று சொல்லாத தேங்காய்த் தொட்டி.
எங்கேயும் கூசாத நாக்கு
இங்கே கூசியது.
என் வீட்டு டிரம்மும் இதே நீலம்.

உள்ளே போனவள்
ஏற்றுமதியில் கழித்துவிட்ட பனியனோடு வந்தாள்.
ஏதோ குளிர்நாட்டு ஆளுக்குத் தைத்தது,
இரண்டு பேர் நுழையலாம்.
அவள் விரித்துப் பிடிக்க
குடம் குடமாய் வடித்தேன்.
காலி டிரம்மை நாரால் அழுத்தித் தேய்த்தோம்;
முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும்,
கண்ணுக்குச் சிக்காது.
திரும்ப ஊற்றி, வாயைக் கட்டினோம்.
ஒரு குடம் குறைந்திருந்தது.
அதை அவள் சொல்லவில்லை.

வெயிலில் கிடந்த பனியனில்
கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருந்தது
இந்தச் சந்தின் காய்ச்சல்.

கதவோரம் சாக்பீஸால் தேதி போட்டேன்.
மேலே போன வாரத் தேதி,
மரகதத்தின் சாய்ந்த கையெழுத்து.
அவள் இப்போது பெரியாஸ்பத்திரியில்,
பிளேட்லெட் முப்பதாயிரம்.

ருக்குமணி கேட்டாள்:
"அடுத்த வாரமும்
நீங்கதானுங்களே வருவீங்க?"