தோளில் ஒரு கை

வண்ணார்பேட்டை மேம்பாலம் இறங்கும் இடத்தில்
கடை திறக்குமுன் பதினோரு நாள் பயிற்சி.
முதல் நாள் அடுப்பைத் தொடவிடவில்லை.
வரலாறு.

திரையில் கறுப்பு வெள்ளைப் படம்.
நிறுவனர், அகலத் தொப்பி, பின்னால் தகரக் கொட்டகை,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று.
"பரீட்சையில் வரும்" என்றார் கோயம்புத்தூர்ப் பயிற்சியாளர்.
எழுதிக்கொண்டோம்,
பி.எஸ்சி. கணிதம், பி.காம்., பாதியில் விட்ட நர்சிங்.

அடுத்த படம் மாடு.
வேகமாகத் தள்ளினார். "நமக்கு இது கிடையாது.
கோழி, பனீர், உருளைக்கிழங்கு."
மேலப்பாளையம் மதார் மைதீன் என் காதில்,
"ஏல, கதாநாயகனையே தூக்கிட்டானுவளே."

ரொட்டி வாட்ட முப்பத்தைந்து நொடி.
கறி புரள நாற்பத்திரண்டு.
ஊறுகாய் வெள்ளரி இரண்டு வில்லை,
ஒன்றின்மேல் ஒன்று படக்கூடாது.
எல்லாம் அந்தக் கொட்டகையில்
கழுத்தில் கடிகாரம் கட்டிக்கொண்டு கண்டுபிடித்ததாம்.

எனக்கு முதல் படமே ஓடிக்கொண்டிருந்தது.
நிறுவனரின் இடது தோளில் ஒரு கை.
நான்கு விரல், மணிக்கட்டு,
அதோடு படம் முடிந்துவிடுகிறது.
"சார், அது யார் கை?"

திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்,
அன்றுதான் பார்ப்பவர் மாதிரி.
"தம்பியா இருக்கும். பங்கைக் கொடுத்து அனுப்பிட்டாங்க.
பரீட்சையில் வராது."

கடைசியாக உலகப்படம், சிவப்புப் பொட்டுகள்.
நம் பொட்டு இன்னும் வைக்கவில்லை.
அந்த அளவில் வைத்தால்
அம்பாசமுத்திரம் முதல் மணப்பாடு வரை மூடிவிடும்,
ஆறு தெரியாது.
"இனி நீங்களும் வரலாறு" என்றார்.
கைதட்டினோம். டீ வந்தது.

ஆனித் தேரன்று
ஆயிரத்து நூற்று அறுபது போனது.
வடம் பிடித்த கையோடு வந்தார்கள்,
தொட்டுக்கொள்ள சாம்பார் கேட்டார்கள்,
ரொட்டியைப் பிரித்து வைத்துக் கறியை மட்டும் தின்றார்கள்.
உச்சிமாகாளிக்கு நொடிக்கணக்கு எட்டரை மணியோடு தப்பியது.
கிழங்கு பொரித்த ஜெபக்கனிக்கு
முன்கையில் எண்ணெய் தெறித்தது.
பற்பசை தடவிக்கொண்டு
பதினொன்றரை வரை நின்றாள்.
விபத்துப் பதிவேட்டில் அன்றைக்கு ஒரு கோடு.

தலைமை அலுவலகத்துக்குப் போன படத்தில்
மேலாளர், கையில் எண் எழுதிய அட்டை,
ஓரத்தில் யாருடையதோ ஒரு முன்கை,
வெள்ளையாய் ஏதோ அப்பி.
வெட்ட மறந்துவிட்டார்கள்.

இனி எந்த ஊர் ஏசி அறையிலாவது
ஒரு பிள்ளை எழுந்து கேட்கக்கூடும்.
கேட்காமலும் போகும்.
சாப்பாட்டுக்கு முந்தின வகுப்பு அது.
பசிக்கும்.