மஞ்சள் நிற உலோகம்

கோத்தகிரியில் ஐப்பசி விடாமல் பெய்த வாரம்
எப்சிபா டீச்சருக்குக் குழி வெட்டினார்கள்.
கற்பூர மரத்தடி, கணவர் பக்கத்தில்,
முப்பது வருஷம் முன்பே அவர் பணம் கட்டிய இடம்.
ரசீது நம்பர்கூட என்னிடம் உண்டு;
சபைக்குக் கணக்கெழுதுகிறவன் நான்.

நாலரை அடியில் மம்பட்டி ணங்கென்றது.
பாறை, என்றான் ஜெபசிங்.
பாறை இவ்வளவு சதுரமா இருக்குமா, என்றான் பெள்ளி.
கடப்பாரை போட்டு நெம்பினால்
பலகைக்கல்லுக்குக் கீழே மூடி போட்ட சட்டி,
மூடியின் மேல் மண்ணால் ஓர் எருமை,
ஒரு கொம்பு போயிருந்தது.
உள்ளே சாம்பல், பல் மாதிரி ஏதோ,
பதினொரு சூதுபவள மணி,
ஒரு காதணி.

ஒன்றுதான்.
மற்றதைத் தேடி இருவரும் அந்த மழையில்
சேற்றை விரலால் அரித்தார்கள்
கூலி கேட்காமல், ஒரு மணி நேரம்.

ஆயர் திருமண்டல ஆபீஸுக்குப் போன் போட்டார்.
வி.ஏ.ஓ. வந்தார், குடைக்கம்பி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு.
"கிறிஸ்தவக் கல்லறையில இது எப்படிங்க?"
நாங்கள்தான் சார் பிறகு வந்தவர்கள்.
இங்கே வட்டமாகக் கிடந்திருக்கும் கல்லெல்லாம்
பொறுக்கி அடுக்கித்தானே மதில் எழுப்பியிருப்பான் கொத்தன்?
சொல்லவில்லை. மதிலைப் பார்த்தேன்.
இருபது வருஷம் நான் சாய்ந்து நின்று
பீடி பிடித்த மதில்.

மகஜருக்கு எடை வேண்டும்.
அடகுக்கடை கேவல்சந்த் தராசோடு வந்தார்.
இரண்டு கிராம் முந்நூறு மில்லி.
லென்ஸைக் கண்ணில் இடுக்கி வெகுநேரம் திருப்பினார்.
"அரும்பு அரும்பா வச்ச வேலை.
ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருக்கு பாருங்க.
பொணத்துக்குன்னு செஞ்சதில்லே, போட்டுத் தேஞ்சது.
இந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கிற ஆளு போல."
வி.ஏ.ஓ. எழுதினார்:
மஞ்சள் நிற உலோகம், ஒன்று.
தேய்மானத்துக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

குழியை நாலடி தள்ளி வெட்டச் சொல்லிவிட்டார்கள்.
ரசீது செல்லாது.
நடுவில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று
டீச்சரின் கணவரிடம் யார் போய்ச் சொல்வது.

ராத்திரி, பெட்டி மூடுமுன்
மகள் ஜெமிமா கம்மலைக் கழற்றினாள்.
தேங்காயெண்ணெய் விட்டு, திருகாணியைச் சுற்றிச் சுற்றி.
அறுபது வருஷம் ஏறாத வெயில் ஏறினாற்போல்
கம்மலுக்கு அடியில் வட்டமாக வெளுத்த தோல்.
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.
பிறகு, துடைப்பத்தில் இரண்டு ஈர்க்கு ஒடித்து
அம்மாவின் காதுத் துளைகளில் செருகினாள்.

"எதுக்கும்மா?" ஆயர் கேட்டார்.
"தூந்துரும்ல."
சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது.
எடுக்கவில்லை. எடு என்று
எங்களில் ஒருவரும் சொல்லவுமில்லை.

மறுநாள் வெளிவாங்கியிருந்தது.
ஆளுக்கு மூன்று கை மண்,
மீதியைப் பெள்ளி தள்ளினான், குழி தூர்ந்தது.
அடக்கப் பதிவேட்டில் எழுதினேன்:
412. எப்சிபா செல்லத்துரை. வயது 81. முதுமை.
411க்கும் 412க்கும் நடுவே
இன்னொரு வரி நுழைக்க இடமில்லை.
ஓரத்தில், பென்சிலால்:
பெயர் தெரியாது.
இந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுப்பவர்.

மார்ச்சில் தணிக்கைக்கு வருகிறவர் அழிக்கச் சொல்வார்.
ரப்பர் என் மேஜையில்தான் இருக்கிறது.